கார் ஏசியில் சூடான காற்று வருகிறதா? கேஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

மே மாத மதியத்தில் சென்னை ஓஎம்ஆர் சாலைச் சிக்னலில் நிற்கும்போது கார் ஏசி சூடாக ஊத ஆரம்பித்தால், கண்ணில் படும் முதல் கடையில் வண்டியை நிறுத்திவிடுவோம். "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்" என்பார்கள். போட்டதும் குளிரும் வந்துவிடும். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். இரண்டு மாதத்தில், சில சமயம் இரண்டே வாரத்தில், மறுபடியும் அதே அனல்.

முதல் கார் வாங்கியவர்களும், பழைய கார் வாங்கி முதல் கோடையைச் சந்திக்கிறவர்களும் இப்படித்தான் வருடா வருடம் பணம் இழக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஏசி கேஸ் செலவாகித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் பல ஆண்டுகளில் துளித்துளியாகக் குறைவது இயல்பு. ஒரே கோடையில் குளிர் போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போட்டால், போட்ட கேஸும் அதே வழியில் போய்விடும். அதைவிட முக்கியம், கேஸ் முழுதாக இருக்கும்போதே சூடான காற்று வருவதற்குக் குறைந்தது ஐந்தாறு காரணங்கள் உண்டு. அவற்றில் பாதியை வீட்டு வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினோடு பெல்ட் போட்டு ஓடும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டி நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றில் இறங்கி, கேஸ் திரவமாகிறது. வழியில் டிரையர் ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகப் பீறிட்டதும் அழுத்தம் சட்டென்று இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது காயிலைச் சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. ப்ளோயர் அந்தக் காயில் வழியாகக் காற்றைத் தள்ளுவதுதான் நமக்கு வரும் குளிர். ஆக, கேஸ் ஓட வேண்டும், முன்னால் சூடு வெளியேற வேண்டும், உள்ளே காற்று காயிலைத் தாண்டி வர வேண்டும். மூன்றில் எது நின்றாலும் சூடுதான்.

சென்னையில் இன்னொரு பாரமும் உண்டு. நம் காற்றில் ஈரம் அதிகம். காயிலின் சக்தியில் கணிசமான பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவே செலவாகிறது. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். ஏசி போட்டு இருபது நிமிடம் ஓட்டியும் சென்னையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்றால், ஒன்று காயில் குளிரவே இல்லை, அல்லது வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடைத்திருந்தால் முன்சீட்டின் கால்மிதி நனைந்திருக்கும்.

முதலில் கவனியுங்கள்: எப்போது சூடாகிறது?

பானெட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு நாள் இதை மட்டும் கவனித்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் "ஏசி சரியில்லை" என்று சொல்வதைவிட, இந்தத் தகவலைச் சொல்வது நூறு மடங்கு உதவும்.

வண்டி ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது, மத்திய கைலாஷிலோ கத்திப்பாராவிலோ நின்றதும் சூடாகிறது என்றால், பெரும்பாலும் கண்டென்சரில் சூடு இறங்கவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நின்றதும் விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி ஓடவில்லை, அல்லது கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறது. இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் கேஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில் நல்ல குளிர், அரை மணி நேரத்தில் காற்றின் வேகமே குறைந்து புழுக்கம், ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர். இது காயிலில் ஐஸ் கட்டுவதன் அடையாளம். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரில் அடைப்பு, காயிலில் இருக்கும் வெப்ப சென்சார் பழுது, கேஸ் குறைவு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

காற்றின் வேகம் அப்படியே இருக்கிறது, ஆனால் சென்னையிலிருந்து கிளம்பித் திண்டிவனம் தாண்டும்போது சூடாகிவிடுகிறது, வண்டியை நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் மறுபடி குளிர்கிறது என்றால் கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைத்துவிடும் மேக்னட் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் தகடு தேய்ந்து இடைவெளி கூடினால், கிளட்ச்சின் காந்தக் காயில் சூடேறியதும் இழுக்கும் பலம் போதாமல் விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் முழுக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதும் நடக்கிறது.

எப்போதுமே சூடு என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை, கேஸ் அறவே இல்லை, அல்லது உள்ளே சூடு-குளிர் கலக்கும் கதவு சூட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத் துவாரத்தில் குளிர், மறுபக்கம் சூடு என்றாலும் இந்தக் கதவையோ, கேஸ் குறைவையோ பார்க்க வேண்டும்.

பழுதே இல்லாத ஒன்றும் உண்டு. சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி உள்ள கார்களில், இன்ஜின் நின்றதும் கம்ப்ரசரும் நின்று காற்று மெல்லச் சூடாகும். அந்த வசதியை அணைக்க ஒரு பட்டன் இருக்கும். அழுத்திவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், இன்ஜின் வெப்பமானியின் முள். அது வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தால், ஏசியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். இன்ஜின் அதிகம் சூடானால் பல கார்களில் கணினியே ஏசியை நிறுத்திவிடும். அங்கே பழுது கூலண்டிலோ விசிறியிலோ இருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

காருக்குள் இருந்தே செய்யக்கூடியவை

ஏசி பட்டனில் விளக்கு எரிகிறதா, வெப்பநிலைக் குமிழ் முழுக்க நீலப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வண்டி துடைக்கும்போது துணி பட்டுக் குமிழ் நகர்ந்துபோவது நிஜமாகவே நடக்கிறது. குமிழைச் சூட்டிலிருந்து குளிர் வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கடைசியில் 'டக்' என்று கதவு மூடும் உணர்வு இல்லாமல் தொளதொளவென்று சுற்றினால், பழைய கார்களில் உள்ளே இருக்கும் கேபிள் கழன்றிருக்கும். மாட்டிவிட்டால் முடிந்தது.

வெளிக்காற்றா, உட்காற்றா என்று மாற்றும் விசையை அடுத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் விட்டால், 37 டிகிரியும் அத்தனை ஈரமும் உள்ள புதுக் காற்றை ஒவ்வொரு நொடியும் குளிர்விக்க வேண்டியிருக்கும். சின்ன கார்களின் ஏசி அதில் திணறிவிடும். வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி உள்ளிருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு கண்ணாடியை ஏற்றி உட்காற்றுக்கு மாற்றுங்கள். நீண்ட பயணத்தில் இடையிடையே கொஞ்ச நேரம் வெளிக்காற்றும் தேவை, இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குத் தூக்கம் தட்டும்.

கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் இடதுபக்க கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கி இறக்கினால் நீளவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். இதற்கு ஸ்குரூ டிரைவர்கூடத் தேவைப்படாது. வெள்ளையாக இருக்க வேண்டியது மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினம் ஓடிய வண்டியில் சாம்பல் நிறக் கம்பளம் மாதிரி இருக்கும். இடுக்கில் இலைச் சருகும் சிக்கியிருக்கும். அதைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்கிப் போடுங்கள். மேலே போட்டிருக்கும் அம்புக்குறியின் திசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களின் விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் இல்லாமல் இடம் மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியானால் தூசி நேராகக் காயிலில் போய்ப் படிந்திருக்கும்.

பானெட்டைத் திறந்து

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம், புகை உயிருக்கு ஆபத்து. துப்பட்டா, தொங்கும் சட்டை நுனி, கைச்செயின் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எந்த நொடியும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அதனால் விரலை உள்ளே விடாதீர்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ப்ளோயரை முழுக்க வைத்து, நீங்கள் சொல்லும்போது ஏசியைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச் அடித்துக் கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். ஏசி அணைந்திருக்கும்போது வெளிவட்டத்தில் புல்லி சுற்றும், நடுத்தகடு அசையாமல் நிற்கும். போட்டதும் 'டிக்' என்ற சத்தத்தோடு நடுத்தகடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். இன்ஜினின் சத்தமும் லேசாக மாறும். ஒட்டிய சில நொடிகளிலேயே விட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி விட்டுக்கொண்டே இருந்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, கிளட்ச் போய்விட்டது, அல்லது கேஸ் அறவே இல்லாததால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் தடுத்து வைத்திருக்கிறது. இப்போது வரும் சில கார்களில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர் இருக்கிறது. அதில் நடுத்தகடு எப்போதும் சுற்றும், இந்தச் சோதனை பயன்படாது.

அதே நேரத்தில் விசிறியையும் பாருங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ஏசி போட்டதும், அல்லது ஓரிரு நிமிடத்தில், விசிறி சுற்ற ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் ஆகியும் அசைவில்லை என்றால் சிக்னலில் சூடாவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டு கிரில் இடுக்கு வழியாகக் கண்டென்சரைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரமாக வண்டி நிறுத்துகிறவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்து, விரல் பட்டால் மாவாக உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்படி உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வெறும் தூசியும் பூச்சியும் என்றால், இன்ஜின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை நேராக அடித்துக் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுப்பாதை நிரந்தரமாக அடைத்துப்போகும்.

குழாய் இணைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்துதான் ஓடுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கருப்பாக, ஈரப்பசையோடு ஒரு திட்டு இருக்கும். சுற்றியுள்ள குழாயெல்லாம் உலர்ந்த தூசியாக இருக்க, ஒரே ஒரு நட்டு மட்டும் பளபளவென்று எண்ணெய் பிடித்திருந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படம்தான்.

கிளட்ச் ஒட்டவில்லை, விசிறி சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ் பெட்டிக்குப் போங்கள். மூடியின் உட்புறம் வரைபடம் இருக்கும். ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதை மட்டும் போடுங்கள். புதியதும் உடனே எரிந்தால் நிறுத்திவிடுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது. ரிலே என்பது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச். அதைச் சோதிக்க எளிய வழி, அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயை, பல கார்களில் ஹாரனுடையதை, இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. மழைக்காலம் முடிந்த கையோடு ஏசி நின்றுபோனால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் மாதிரி ஒன்றில் முங்கி எழுந்த வண்டியைப் பிறகு வாங்கியவர்களுக்கு, விசிறி மோட்டாரும் கனெக்டர்களும் பச்சை பிடித்துப்போய்த் தாமதமாகப் பழுதாவதுண்டு.

இனி கடைக்கு

இதுவரை பார்த்ததில் பழுது பிடிபடவில்லை என்றால் இனி கேஜ், அதாவது அழுத்தமானி, வைத்துப் பார்க்கும் வேலை. இதை வீட்டில் முயல வேண்டாம். திரவ நிலையில் கேஸ் கையிலோ கண்ணிலோ பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். பரவலாக இருக்கும் ஆர் 134ஏ கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. அதோடு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1430 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. இருக்கும் கேஸைச் சும்மா வெளியே விடாமல், மெஷினில் திரும்ப உறிஞ்சி எடுக்கும் கடையாகத் தேடுவது நல்லது.

என்ன கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டின் உட்புறமோ முன்பக்கச் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பல சின்ன கார்களுக்கு 350 முதல் 500 கிராம்தான். புதிய கார்கள் சிலவற்றில் ஆர் 1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ். அதில் 134ஏ போடவே கூடாது. டப்பாவிலிருந்து 'கைக்கணக்கில்' ஏற்றுவதை ஏற்காதீர்கள். ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் சின்ன வண்டியில் குளிரில் தெரியும்.

கேஜை மாட்டியதும் நீங்களும் எட்டிப் பாருங்கள். இன்ஜின் ஆறி, அணைந்திருக்கும்போது 35 டிகிரி வெயிலில் 134ஏ உள்ள வண்டியில் இரண்டு முள்ளும் 110 பிஎஸ்ஐ அருகில் நிற்க வேண்டும். 50-க்குக் கீழே என்றால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. 110 காட்டினால் கேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், எவ்வளவு என்று அது சொல்லாது. ஏசி ஓடும்போது குறைந்த அழுத்தப் பக்கத்தைக் காட்டும் நீல கேஜ் 30 முதல் 45, உயர் அழுத்தப் பக்கத்தைக் காட்டும் சிவப்பு கேஜ் 200 முதல் 250 வரை இருப்பது ஏறத்தாழ நலம், வெயில் ஏறினால் கொஞ்சம் கூடும். இரண்டுமே தாழ்வு என்றால் கேஸ் குறைவு. இரண்டுமே உயர்வு என்றால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சரில் சூடு இறங்கவில்லை. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து, ஒன்றை ஒன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் வால்விலோ டிரையரிலோ அடைப்பு.

கேஸ் குறைவு என்று தெரிந்ததும் தயங்காமல் சொல்லுங்கள்: "பாஸ், கேஸ் இப்போ வேணாம். முதல்ல நைட்ரஜன் ஏத்தி லீக் பாருங்க."

"அதுக்குத் தனியா சார்ஜ் ஆகும் சார்."

"பரவாயில்லை, பாருங்க."

இந்தச் செலவுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, அழுத்தம் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சாதாரண டயர் காற்றை ஏற்றக் கூடாது, அதில் ஈரம் இருக்கிறது. வெளியே எங்கும் நுரை வரவில்லை, ஆனாலும் அழுத்தம் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் கூலிங் காயிலில்தான் ஓட்டை. பல கார்களில் அதை எடுக்க டேஷ்போர்டை இறக்க வேண்டும், ஒரு நாள் வேலை. இதில் அவசரப்படுத்தாதீர்கள். கிளிப்புகள் உடைந்து, பிறகு வண்டி முழுக்கக் கடகடவென்று சத்தம் வரும்.

பழுதுபார்த்த பிறகு வேக்யூம் போடுவது, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது, கட்டாயம். குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும், பம்பை நிறுத்திய பின் பத்துப் பதினைந்து நிமிடம் முள் நகராமல் நிற்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இதைச் சுருக்கினால், உள்ளே தங்கும் தண்ணீர் வால்வில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். குழாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் டிரையரை மாற்றிவிடுவதுதான் முறை.

கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று சொன்னால், உள்ளே நொறுங்கி உலோகத்தூள் ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓடியிருந்தால் குழாய்களின் உட்புறத்தை ஃபிளஷ் செய்து (கழுவி), டிரையரையும் பெரும்பாலும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புதியதையும் தின்றுவிடும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய கம்ப்ரசர் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்குவதானால் கிளட்ச் தகட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடுமாறாமல் சுற்ற வேண்டும், உள்ளே ஆயில் கருப்பாகவோ மினுமினுவென்று தூளோடோ இருந்தால் வேண்டாம். என் யோசனை, காயிலும் கண்டென்சரும் புதியதாகவே வாங்குங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஃபில்டரையும் கண்டென்சரையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான் என்பதால், ஏசி சூடானால் தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், வெயில் இருக்கும்போதே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நடுத்துவாரத்தில் ஒரு சின்ன வெப்பமானியைச் செருகி, உட்காற்றில் வைத்து ஓட்டினால் 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். சில டிகிரி ஏறி நின்றால் சரி, ஏறிக்கொண்டே போனால் விசிறியைப் பார்க்கச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். என்ன கேஸ், எத்தனை கிராம், எந்த இடத்தில் கசிவு, எதை மாற்றினார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அடுத்து யாரிடம் காட்டினாலும் அவர் கேட்கப்போகும் முதல் நான்கு கேள்விகள் அவைதான்.